தெற்குப் பக்கக் கோடு

நகராட்சி மைதானத்தில் கோடு போடுகிறவரை எல்லோரும் சுண்ணாம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலமானால் அவருடைய கால்சட்டை முழங்கால் வரைக்கும் வெளுத்திருக்கும். புருவத்தில்கூடக் கொஞ்சம் ஏறியிருக்கும். அந்தக் கோலத்திலேயே தெருவில் நடந்து வருவார். "என்ன, நாளைக்கு மேட்ச்சா?" என்று யாராவது கேட்டால், "என் மூஞ்சியைப் பாத்தா தெரியலையா?" என்பார். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. புல் வெட்டுவதும், வலையில் கிழிசல் தைப்பதும், தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிடுவதும் அவர்தான். ஆனாலும் கோடு போடுவதில்தான் அவருக்குப் பெருமை. நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவர் டெப்போ அணியின் ஆள். பஸ் டெப்போ தொழிலாளர்கள் சேர்ந்து ஆரம்பித்த அணி அது. பச்சைச் சட்டை போட்டு ஆடுவார்கள். பணம் கிடையாது, சொந்த மைதானம் கிடையாது. வாய் மட்டும் தாராளமாக உண்டு. எதிரி, சிமெண்ட் கம்பெனி முதலாளி நடத்தும் அணி. அதற்கு ஏதோ நீளமாக ஒரு பெயர் இருந்தது. டெப்போ ரசிகர்கள் அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். சிமெண்ட், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லீக்கின் கடைசி ஆட்டத்தில் சிமெண்ட் ஒன்றுக்கு பூஜ்யம் என்று ஜெயித்தது. கோப்பையும் அவர்களுக்கே போனது. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது டெப்போவின் முன்கள ஆட்டக்காரனை சிமெண்ட் ஆள் ஒருவன் காலைத் தட்டிவிட்டுச் சாய்த்தான். தெற்குப் பக்க கோல் அருகே, பெனால்டி கட்டத்தின் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே. நடுவர் பெனால்டி கொடுக்கவில்லை, ஃப்ரீ கிக் கொடுத்தார். பந்து ஆட்களின் மேல் பட்டுத் திரும்பி வந்தது. கதை முடிந்தது.

மறுநாள் சாயங்காலம் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் கூடியது. ஜெராக்ஸ் கடைக்காரர்தான் ரசிகர் மன்றத்தின் செயலாளர். கடைக்குள் ஒரு பெஞ்சு, சூடான மெஷின், காகித வாசனை. பெஞ்சின் ஒரு முனையில் டெப்போவில் வேலை பார்க்கும் கண்டக்டர் உட்கார்ந்திருப்பார், மறுமுனையில் சுண்ணாம்பு. நடுவில் யார் உட்கார்ந்தாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் முழங்கை இடி வாங்க வேண்டும்.

"லீக் ஆபீஸ்ல ஃபேன் யாரு வாங்கிக் கொடுத்தா?" என்று கண்டக்டர் ஆரம்பித்தார். "சிமெண்ட். நாற்காலி? சிமெண்ட். அந்த நாற்காலியில உக்காந்து, அந்த ஃபேன் காத்தை வாங்கிக்கிட்டு, நமக்குச் சாதகமா எவன்யா பேசுவான்?"

"அதைவிடு. அவங்க கோல்கீப்பர் ஒருத்தனுக்கு ஆகுற செலவுல நம்ம மொத்த அணியும் ரெண்டு வருஷம் ஓடும்" என்றார் ஜெராக்ஸ். "டிக்கெட் வித்தா அவ்வளவு வருமா? கணக்கைக் காட்டச் சொல்லணும்."

"திருப்பி நம்ம கணக்கைக் கேட்டா?" என்றார் சுண்ணாம்பு.

"நம்மகிட்ட எங்கய்யா கணக்கு இருக்கு? கடன்தான் இருக்கு. தாராளமா பாத்துக்கட்டும்."

சிரிப்பு அடங்கியதும் ஜெராக்ஸ் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். அவர் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. மெஷினை நிறுத்தினார். மெஷினை அவர் சும்மா நிறுத்தமாட்டார்.

"இன்னைக்குக் காலையில நானும் கண்டக்டரும் மைதானத்துக்குப் போனோம். நீ அப்போ வரலை. கண்டக்டர் மச்சான் கார்ப்பென்டர், அவர் டேப்பை எடுத்துட்டுப் போய் அளந்தோம். பெனால்டி கட்டம் எவ்வளவு இருக்கணும்?"

"கோல் கோட்டிலேருந்து பதினாறரை மீட்டர்" என்றார் சுண்ணாம்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

"வடக்குப் பக்கம் பதினாறரை. சரியா இருக்கு. தெற்குப் பக்கம்?" ஜெராக்ஸ் குரலைத் தாழ்த்தினார். "பதினாறு மீட்டர் பத்து சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு முழம் கம்மி!"

சுண்ணாம்பு எட்டித் தாளைப் பார்த்தார்.

"நம்ம பையன் விழுந்தது அந்த ஒரு முழத்துக்குள்ளய்யா!" கண்டக்டர் பெஞ்சில் ஓங்கி அடித்தார். "நியாயமா அது பெனால்டி. ஆட்டத்துக்கு முன்னாடி மைதானத்தைச் சுத்திப் பாத்துக் கோடு சரியான்னு சொல்ல வேண்டியது யாரு? நடுவர். அந்த டிரில் மாஸ்டர் பாத்தும் பாக்காத மாதிரி விட்டிருக்கார்னா என்ன அர்த்தம்? வாங்கிட்டார்!"

மனு தயாராக இருந்தது. நடுவரை விசாரிக்க வேண்டும், அதுவரை அவர் விசில் ஊதக் கூடாது என்று எழுதியிருந்தது. வியாழக்கிழமை லீக் ஆபீஸில் கொடுப்பதாக ஏற்பாடு. கீழே மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். இரண்டு போட்டாயிற்று. மூன்றாவது, மைதானப் பொறுப்பாளருடையது. அளவு உண்மை என்று அவர் சொன்னால்தான் மனு நிற்கும்.

"உன் கோட்டையே அழிச்சு மாத்திப் போட்டிருக்கானுங்க, சுண்ணாம்பு" என்றார் ஜெராக்ஸ் பரிவாக. "எங்களுக்கே வயிறு எரியுதுன்னா உனக்கு எப்படி இருக்கும்!"

நேற்று ஆட்டம் முடியும்வரை அந்தக் கோட்டை யாரும் தொடவில்லை என்பது சுண்ணாம்புக்குத் தெரியும். அவர் போட்டது போட்டபடியே இருந்தது. "படிச்சுப் பாத்துட்டுப் போடுறேன்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தெருவில் நடக்கும்போது டிரில் மாஸ்டர்தான் கண்ணில் நின்றார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். விறைப்பான மனிதர், சிரிக்கவே மாட்டார். ஆனால் இவரிடம் மட்டும் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்பார். ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார். "அளந்தாச்சா?" "அளந்தாச்சு சார்." அவ்வளவுதான், தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். டேப் எடுத்து அளக்கவில்லை. ஏன் அளக்க வேண்டும்? சுண்ணாம்பு சொல்லிவிட்டாரே.

செவ்வாய்க்கிழமை காலையில் மைதானத்துக் கொட்டகையைத் திறந்ததும் முதல் வேலையாகக் கயிற்றை எடுத்தார். பருத்திக் கயிறு, மூன்று முடிச்சு. முதல் முடிச்சு சின்னக் கட்டத்துக்கு, இரண்டாவது பெனால்டி உதைக்கும் புள்ளிக்கு, மூன்றாவது பதினாறரை மீட்டருக்கு. நகராட்சி அவருக்கு டேப் வாங்கித் தந்ததே இல்லை. பத்தொன்பது வருஷமும் இந்த முடிச்சுகள்தான்.

டேப் ஒன்று இருக்கத்தான் செய்தது. போன வருஷம் சிமெண்ட் கம்பெனி கொடுத்தது. ஐம்பது மீட்டர் ஸ்டீல் டேப், மேலே கம்பெனி பெயர் பெரிய எழுத்தில். பெட்டியைக்கூட அவர் பிரிக்கவில்லை. "அவங்க பேரைத் தொட்டுக்கிட்டு நான் கோடு போடணுமா? கையை வெட்டிக்குவேன்" என்று ஜெராக்ஸ் கடையில் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருந்தார்.

இன்னொரு விஷயத்தை மட்டும் அவர் அங்கே சொல்லவில்லை. போன வருஷம் நகராட்சி மைதானப் பராமரிப்பைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டது. அதிலிருந்து அவருடைய சம்பளச் சீட்டில் சிமெண்ட் கம்பெனி முத்திரைதான் இருந்தது. டேப்பைப் பிரிக்காமல் வைக்கலாம். சம்பளக் கவரைப் பிரிக்காமல் வைக்க முடியுமா?

இப்போது வேறு வழி தெரியவில்லை. டேப் பெட்டியைப் பிரித்தார். கயிற்றைத் தரையில் இழுத்துப் பிடித்து, பக்கத்திலேயே டேப்பை விரித்தார். மூன்றாவது முடிச்சு சரியாகப் பதினாறரையில் நின்றது. மறுபடியும் அளந்தார். அதே பதினாறரை. தெற்குக் கோட்டைப் போய் அளந்தார். பதினாறு மீட்டர் பத்து.

கயிறும் சரி, முடிச்சும் சரி, கோடு மட்டும் தப்பு.

அவர் புல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கோட்டை வேறு யாரும் தொடவில்லை. அப்படியென்றால் தப்பு அவருடைய கையில். கை ஏன் தப்பியது? தெற்குப் பக்கத்தில் மட்டும், இரண்டாம் பாதியில் டெப்போ அடிக்கப்போகும் பக்கத்தில் மட்டும், ஏன்? சம்பளக் கவர் மனசில் வந்தது. ஒரு வருஷமாக அவர்கள் காசில் சாப்பிட்ட கை இது. மனுஷன் தனக்கே தெரியாமல் விலை போவானா? அவர் கையை விரித்துப் பார்த்தார். சுண்ணாம்பு அரித்துத் தோல் உரிந்த அதே பழைய கைதான்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனவர் சாப்பிடவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அணி தோத்ததுக்கு மூணு நாளா துக்கமா?"

"அதில்ல." சோற்றை விரலால் அளைந்துகொண்டே, "நான் சிமெண்ட்காரன் ஆயிட்டேனா?" என்று கேட்டார்.

"என்னது?"

"அவங்க சம்பளம் வாங்குறேன்ல. எனக்கே தெரியாம அவங்க பக்கம் சாஞ்சிருப்பேனோன்னு..."

அவள் ஒரு நிமிஷம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த வீட்டுச் சுவரே அவங்க சிமெண்ட்லதான் கட்டியிருக்கு. அதுக்காகச் சுவரு எழுந்து அவங்களுக்குக் கைதட்டுதா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்ததைச் சொன்னார். சனிக்கிழமை விளம்பரப் போர்டு மாட்ட கம்பெனி ஆட்கள் வந்ததால் வேலை தாமதமானது. வடக்குப் பக்கம் முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் கொட்டகையில் நின்றார். மழை விட்டதும், இருட்டுவதற்குள் முடிக்க வேண்டுமே என்று தெற்குப் பக்கம் போட்டார்.

"கயிறு எங்க இருந்துச்சு?"

"புல்லுலதான். மழையில ஓடும்போது எதை எடுக்குறது, எதை விடுறது?"

அவள் கொடியில் தொங்கிய பாவாடையிலிருந்து நாடாவை இழுத்துக் காட்டினாள். "இது நனைஞ்சா என்ன ஆகும்னு தெரியுமா? முடிச்சுப் போட்டுட்டு மழையில நனைஞ்சு வந்தா இறுகிக்கும். பல்லால கடிச்சாலும் அவுராது. காஞ்சா தானா லூசாயிடும். நாடாவே அப்படின்னா கயிறு?"

அவர் எழுந்த வேகத்தில் தட்டு புரண்டது. "சோத்தைத் தட்டிவிட்டுட்டு எங்க ஓடுறீங்க?" என்ற குரல் பின்னால் கேட்டது. அவர் தெருமுனைக்கே போய்விட்டார்.

கயிற்றை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போட்டார். எடுத்து விரித்து அளந்தார். மூன்றாவது முடிச்சு பதினாறு மீட்டர் பத்தில் நின்றது. ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம்.

கை தப்பவில்லை, கயிறுதான் சுருங்கியிருக்கிறது. அந்த நிமிஷம் அவருக்கு உடம்பே லேசானது. அடுத்த நிமிஷம் திரும்பவும் கனத்தது. ஸ்டீல் டேப் மழையில் சுருங்காது. பெட்டியைப் பிரித்து அதை வைத்துக் கோடு போட்டிருந்தால் டெப்போவுக்குப் பெனால்டி கிடைத்திருக்கும். டெப்போ மேல் வைத்த விசுவாசத்தில்தான் அதைத் தொடவில்லை. அப்படியானால் டெப்போவைத் தோற்கடித்தது எது? எப்படி யோசித்தாலும் அது ஒரு இடத்தில் வந்து நிற்கவில்லை.

புதன்கிழமை காலையில் டிரில் மாஸ்டர் பள்ளிப் பிள்ளைகளை ஓட்டப் பயிற்சிக்காக மைதானத்துக்குக் கூட்டி வந்தார். பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டு இவரிடம் வந்தார்.

"கோடு கம்மின்னு ஊர்ல பேசிக்கிறாங்க. என்மேல மனு வருதாம்."

"நானும் கேள்விப்பட்டேன் சார்." சட்டைப்பையில் அந்தத் தாள் முள் மாதிரி இருந்தது.

"வரட்டும். சுண்ணாம்பு அளந்தேன்னு சொன்னாரு, நான் நம்பினேன். கேட்டா அதைத்தான் சொல்லப்போறேன்." அவர் விசிலை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். "நீங்க அளந்தீங்கதானே?"

"அளந்தேன் சார்" என்றார் இவர். அது பொய்யில்லை. உண்மை என்றும் சொல்ல முடியாது. மாஸ்டர் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்து விசில் ஊதினார். அந்தச் சத்தம் நாள் முழுக்க இவர் காதிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் கயிற்றை மறுபடியும் நனைத்து ஒரு கையிலும், ஸ்டீல் டேப்பை மறு கையிலும், சம்பளச் சீட்டைப் பையிலும் வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். மழை, கயிறு, நாடா, பிரிக்காத டேப், கடைசியில் சம்பளச் சீட்டு. சீட்டை மேஜை மேல் வைத்ததும் ஜெராக்ஸ் அதை எடுத்து முத்திரையைப் பார்த்தார்.

"ஒரு வருஷமாவா?" என்றார் ஜெராக்ஸ்.

"ஒரு வருஷம் ரெண்டு மாசம்."

"ஏன்யா சொல்லலை?"

"சொன்னா இந்தப் பெஞ்சுல எடம் இருந்திருக்குமா?"

சுண்ணாம்பு தொடர்ந்தார். "இன்னொண்ணு. முதல் பாதியில நம்ம தடுப்பாட்டக்காரன் சிமெண்ட் ஆளை அதே கோட்டுக்கு வெளியே ஒரு சாண்ல தள்ளிவிட்டானே, ஞாபகம் இருக்கா? நியாயமா அதுவும் பெனால்டிதான். ஃப்ரீ கிக்னு ஊதினதும் 'மாஸ்டர் தங்கம்'னு கத்தினது யாரு?"

எல்லோரும் கண்டக்டரைப் பார்த்தார்கள். கண்டக்டர் கண்ணை மூடி யோசித்தார். தோற்றுவிட்டார் என்றுதான் சுண்ணாம்பு நினைத்தார். ஆனால் கண்டக்டர் கண்ணைத் திறந்தபோது முகம் ஜொலித்தது.

"யோவ், இப்பத்தான்யா எனக்குப் புரியுது! உனக்கு அந்த டேப்பை யாரு கொடுத்தா?"

"சிமெண்ட்."

"ஏன் கொடுத்தா? நீ தொடமாட்டேன்னு அவனுக்குத் தெரியும்! உன் மானம் ரோஷம் எல்லாத்தையும் எடைபோட்டுத்தான் கொடுத்திருக்கான். போர்டு மாட்டுறேன்னு வந்து உன்னை லேட் பண்ணது யாரு?"

"அதுவும் சிமெண்ட்தான், ஆனா..."

"மழை வரும்னு ரேடியோவுல சொன்னாங்களா இல்லையா? அவனும் கேட்டிருப்பான்ல?"

"அப்போ முதல் பாதியில அவங்களுக்கே பெனால்டி போச்சே?" என்றார் ஜெராக்ஸ் சந்தேகமாக.

"அதுதான்யா சாமர்த்தியம்! நமக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு ஒண்ணை விட்டுக் கொடுத்திருக்கான்!"

சுண்ணாம்புக்கு அது அபத்தம் என்று தெரிந்தது. ஆனாலும் எங்கே பிடித்து இழுத்தால் இது அவிழும் என்று தெரியவில்லை. ஒருவேளை அப்படியும் இருக்குமோ? அவர் டேப்பைத் தொடமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். கைதட்டல் வாங்கிய பேச்சு அல்லவா அது.

"நீங்க என்ன வேணா நினைச்சுக்கங்க" என்றார் கடைசியில். "சிமெண்டைத் திட்டுங்க, என்னைத் திட்டுங்க. மாஸ்டர் பேரு அதுல இருக்கக் கூடாது. அவர் என்னை நம்பினதைத் தவிர வேற ஒரு தப்பும் பண்ணலை. கோடு நான் போட்டது, கம்மியானது என் கயிறு. லீக் ஆபீஸ்ல வந்து சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன். இந்தாங்க, கையெழுத்து இல்ல." மனுவை மேஜை மேல் வைத்தார்.

ஜெராக்ஸ் அதைக் கையில் எடுத்தார். ரொம்ப நேரம் படித்தார், தான் எழுதியதையே புதிதாகப் படிப்பது போல. பிறகு பேனாவை எடுத்து நடுவர் பெயர் வந்த வரிகளை அடித்தார். அடித்து முடித்த பிறகு மனுவில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. "மழையை எதிர்த்து மனு கொடுக்க முடியாதே" என்று முனகிவிட்டு, தாளைத் திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்தை மெஷினில் வைத்தார். அவர் காகிதத்தை வீணாக்கமாட்டார்.

சுண்ணாம்பு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். கண்டக்டர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். வழக்கமான அளவுக்கு நகரவில்லை. பாதி இடம்தான் இருந்தது. சுண்ணாம்பு அதிலேயே ஒடுங்கி உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை கோடு போடும்போது நாங்களும் வர்றோம்" என்றார் கண்டக்டர், முகத்தைப் பார்க்காமல்.

உதவிக்கா, காவலுக்கா? சுண்ணாம்பு கேட்கவில்லை. கேட்டால் கண்டக்டருக்கே பதில் தெரிந்திருக்காது.

முதல் காரியமாக மறுநாள் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து, டிரில் மாஸ்டரிடம் கயிற்றைப் பற்றிச் சொல்லிவிட்டார். மாஸ்டர் கோபப்படவில்லை, சிரிக்கவுமில்லை. "இனிமே நானும் ஒரு தடவை அளந்துக்குறேன்" என்று மட்டும் சொன்னார். நியாயம்தான். ஆனாலும் அது சுண்ணாம்பைச் சுட்டது.

சனிக்கிழமை கண்டக்டரும் ஜெராக்ஸும் வந்தார்கள். அடுத்த நாள் நட்பு ஆட்டம். வானம் வெளுத்துக் கிடந்தது. சுண்ணாம்பு ஸ்டீல் டேப்பை எடுத்து, கம்பெனி பெயர் புல்லைப் பார்த்து இருக்கும்படி திருப்பி விரித்தார். ஜெராக்ஸ் ஒரு முனையைப் பிடித்தார்.

"நில்லு நில்லு" என்றார் கண்டக்டர். "அவங்க டேப்புல சென்டிமீட்டர் சரியா இருக்கும்னு என்ன நிச்சயம்?" இடுப்பிலிருந்து மச்சானின் டேப்பை உருவினார். துணியில் செய்த பழைய டேப். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். பதினாறரையில் அரை விரற்கடை வித்தியாசம் வந்தது.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"பாத்தியா, சொன்னேன்ல!" என்றார் கண்டக்டர்.

"உன் மச்சான் டேப் இழுபட்டிருக்கும்யா" என்றார் ஜெராக்ஸ். "அந்த ஆளு செஞ்ச என் வீட்டுக் கதவே இன்னும் மூட மாட்டேங்குது."

"என் மச்சானைப் பத்திப் பேசாதே!"

"அப்போ இதை வெச்சுத்தானே அன்னைக்கு அளந்தோம்? அந்தப் பதினாறு பத்தாவது சரியா?"

கண்டக்டர் மச்சானின் டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காற்றில் ஸ்டீல் டேப் படபடத்தது. சுண்ணாம்பு கொட்டகையிலிருந்து காய்ந்த கயிற்றையும் எடுத்து வந்து பக்கத்தில் போட்டார். முடிச்சு ஸ்டீல் டேப்போடு ஒத்து நின்றது. ஆனால் சிமெண்டும் சுண்ணாம்பும் சொல்வது ஒன்றாக இருக்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று கண்டக்டர் யோசிக்க ஆரம்பித்துவிட்டது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"எதை வெச்சுப் போடட்டும்?" என்று கேட்டார் சுண்ணாம்பு.

ஜெராக்ஸ் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தன் டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"என்னைக் கேட்டா? கோடு போடுறவன் நீ. நீயே சொல்லு."

சுண்ணாம்புக்கு அது மன்னிப்பா, பொறுப்பைத் தலையில் கட்டுவதா என்று புரியவில்லை. அவர் ஸ்டீல் டேப்பைக் கண்டக்டர் கையில் கொடுத்தார். கண்டக்டர் அதைச் சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல விரல் நுனியால் பிடித்தார்.

"அசையாமப் பிடி" என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்பு வானத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, தெற்குப் பக்கத்திலிருந்து கோடு போட ஆரம்பித்தார்.